பதக்கம் வாங்கியவர் கடன் வாங்கக் கூடாது

ஹெவிவெயிட் என்றதும் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முகமது அலி, மைக் டைசன் என்று அடுக்குவார்கள். கௌர் சிங் என்றால் ஒருவருக்கும் தெரியாது. பெங்களூர் வைட்ஃபீல்டில் மாலை நேரத்தில் குத்துச்சண்டை சொல்லித் தருகிறேன். ஐடி கம்பெனி வேலை முடிந்து தொப்பையைக் குறைக்க வருகிறவர்கள் உண்டு; காடுகோடி, சன்னசந்திரா பக்கமிருந்து வரும் மேஸ்திரிகள், ஆட்டோக்காரர்களின் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கௌர் சிங் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்துக்காரர். 1971இல் ராணுவத்தில் சேர்ந்தவர், க்ளவுஸ் மாட்டியதே 1977 வாக்கில்தான். முப்பதை நெருங்கும் வயதில் தொடங்கி, இரண்டே வருடத்தில் தேசிய சாம்பியன். 1980இல் பம்பாயில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம், 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ எல்லாம் தேடி வந்தன. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்றார். கடைசி வரை அமெச்சூர்.

1980 ஜனவரியில் அலி இந்தியா வந்தபோது டெல்லியில் அவரோடு நான்கு ரவுண்டு காட்சிப் போட்டி ஆடியவரும் இவரே. அதே பயணத்தில் அலி சென்னைக்கும் வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஆடினார். எல்லிஸும் அலியைப் போல லூயிவில்காரர். இருவரும் அமெச்சூர் காலத்திலேயே மோதியவர்கள். 1968இல் எல்லிஸ் உலகப் பட்டத்தையே பிடித்தார். தொழில்முறைக்குப் போய்ப் பணமும் பெயரும் பார்த்த இந்த இரண்டு பேருக்கும் பின்னால் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எல்லிஸ் டிமென்ஷியாவோடு வாழ்ந்து 2014இல் இறந்தார்.

கௌர் சிங்குக்கு வந்தது வேறு கஷ்டம். 2017இல் இதய சிகிச்சைக்காகத் தனியாரிடம் இரண்டு லட்சம் கடன் வாங்கியிருந்தார். செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகுதான் மத்திய விளையாட்டு அமைச்சகம் ஐந்து லட்சம் கொடுத்தது. கொடுத்தது நலிந்த வீரர்களுக்கான தேசிய நல நிதியிலிருந்து. அந்த நிதி தொடங்கப்பட்ட வருடம் 1982. அவர் தங்கம் வென்ற அதே வருடம்! நிதி அங்கேதான் இருந்தது, அவரும் ஊரில்தான் இருந்தார். நடுவில் 35 வருடம், யாரும் போய் ‘உடம்பு எப்படி இருக்கு’ என்று கேட்கவில்லை. 2023 ஏப்ரலில் அவர் இறந்தார்.

பத்மஸ்ரீ வாங்கியவருக்கே இப்படி என்றால், மாநிலப் போட்டியில் அரையிறுதியோடு நின்றுபோனவன் கதி என்ன?

என்னிடம் 95 கிலோவில் ஒரு பையன் இருக்கிறான். மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் இடுக்கெல்லாம் விட்டு, முட்டியின் மேல் மடித்து மடித்து அவன் கைக்குப் பேண்டேஜ் கட்டும்போதே அந்தக் கையின் கனம் தெரியும். பேடில் அவன் வலது குத்து விழுந்தால் என் தோள்பட்டை வரை அதிரும். அவன் எடைக்கு ஸ்பாரிங் செய்ய இந்தப் பக்கம் ஆள் கிடையாது. 75 கிலோ பையன்களோடுதான் ஆட விடுகிறேன். குறைந்த எடைக்காரனுக்கு அடி ஆபத்து. இவனுக்கோ, தன் எடையில் வரும் குத்தைச் சந்திக்கிற பழக்கமே இல்லாமல் நேரே போட்டியில் போய் நிற்கிற ஆபத்து. அடி பலமாகப் பட்ட நாளில் உட்கார வைத்து, இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். கண்ணைப் பார்ப்பேன். “ஒண்ணுமில்ல சார்” என்பான். எல்லாப் பையன்களும் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர்கள் பிரிவு ஆண்களுக்குத் தலைக்கவசம் தேவையில்லை என்று 2013இல் எடுத்துவிட்டார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் இவனும் அது இல்லாமல்தான் ஆட வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சூப்பர் ஹெவிவெயிட் சதீஷ் குமார் முகத்தில் 13 தையலோடு உஸ்பெகிஸ்தானின் ஜலோலோவ் எதிரில் போய் நின்றார். நாடே வீரம் என்று கொண்டாடியது. வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் பயிற்சியாளனாக எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்க முடியவில்லை. அந்த ரவுண்டுகளை அவர் உடம்பு எத்தனை வருடம் சுமக்கும் என்ற கேள்வியைக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் கேட்டோம்?

ஆட்டத்தை விட்ட பிறகும் வீரர்களின் உடம்பைக் கவனிக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற ஒவ்வொரு குத்துச்சண்டை வீரனுக்கும் ஒரு புத்தகம் உண்டு. போட்டிக்கு முன் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ரிங்குக்குள் ஏற முடியும். நாக்-அவுட் ஆனால் எத்தனை நாள் ஆடக் கூடாது என்பதும் அதில் ஏறும். ஆடுகிற வரை இத்தனை கவனம். ஆட்டத்தை விட்ட அன்று அந்தப் புத்தகத்தை யாரும் கேட்பதில்லை. தலைக்குள் பட்ட அடி வேலையைக் காட்டுவதோ பல வருடம் கழித்து.

அந்தப் புத்தகத்தை மூடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. மாநில அளவில் ஆடிய ஒவ்வொருவருக்கும், பதக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆயுள் முழுக்க வருடம் ஒரு முறை மூளை, இதயம், கண் பரிசோதனை இலவசமாக வேண்டும். மனு போட்டு, வருமானச் சான்றிதழ் இணைத்து, பத்திரிகையில் படம் வந்த பிறகு கிடைக்கிற உதவியாக அது இருக்கக் கூடாது. கர்நாடக விளையாட்டுத் துறை இதைத் தொடங்க வெளியூர் தேட வேண்டாம். மூளை, நரம்பு சிகிச்சைக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருப்பது பெங்களூரில்தான். மாதம் ஒரு நாள் பழைய குத்துச்சண்டை வீரர்களுக்கென்று ஒதுக்கட்டும். வைட்ஃபீல்டிலிருந்தும் தங்கவயலிலிருந்தும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது எங்களைப் போன்ற பயிற்சியாளர்களின் பொறுப்பு.