மெத்தை எதற்கு? பாயே போதும்!

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ம் ஆண்டு சட்டம் வந்தது.

சின்னக் கடையில் நிற்கும் பெண்ணுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் அது எங்கே எட்டுகிறது? பக்கத்து வீட்டு அம்மாள்தான் அவர்களுக்குக் காப்பகம்!

மத்தியானம் ஆறு குழந்தைகள் தூங்கவேண்டும். ஆறு மெத்தை வாங்க அந்த அம்மாளிடம் பணம் ஏது?

மெத்தையே வேண்டாம். கோரைப்பாய் போதும். அதன் மேல் பழைய வேட்டியை இழுத்து விரித்து, ஓரங்களை அடியில் மடித்துவிடலாம். பாய் நனைந்தால் துடைத்து வெயிலில் போடலாம். பஞ்சு மெத்தை நனைந்தால் லேசில் காயாது, நாற்றம் வேறு!

ஆளுக்கு ஒரு விரிப்பு அவசியம். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் சொறி எல்லோருக்கும் தொற்றும்.

கைக்குழந்தைக்கு ஆபத்து

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மெத்தென்ற படுக்கை ஆகாது. முகம் புதைந்தால் மூச்சு முட்டும். தலையணையும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்கிறார்கள், டாக்டர்கள்.

அமெரிக்காவில் கைக்குழந்தைகள் தூங்கும் சாய்வுப் படுக்கைகளையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைகளையும் விற்கக்கூடாது என்று 2022-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய ஆபத்து!

தூளியில் ஆட்டலாமா? ஆட்டலாம். கண் அயர்ந்ததும் எடுத்துப் பாயில் கிடத்திவிட வேண்டும்.