கணினி கற்றோம், பண்பு கற்றோமா?

"கேட்பதில் வெட்கம் வேண்டாம்" என்று எங்கள் ஆசிரியைகள் வகுப்பிலே அடிக்கடி கூறுவதுண்டு. ஆனால் கேட்டதற்காகவே எங்களுள் ஒருத்தி வெட்கப்பட நேர்ந்தது. பைத்தான் மொழியில் அவள் எழுதிய நிரல் ஓடவில்லை. நிரல் எழுதுவோர் இணையத்தில் கூடி வினவி விடையளிக்கும் குழு ஒன்றில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தன் ஐயத்தை எழுதினாள். "இதுகூடத் தெரியாவிட்டால் வேறு படிப்புக்குப் போகலாமே" என்று பதில் வந்தது. அதன் கீழே சிரிப்புப் படங்கள் பல. அவள் செய்த பிழை, ஒரு முக்காற்புள்ளியை விட்டதுதான். அதைச் சுட்டிக்காட்ட ஒரு வரி போதும். அதற்குப் பின் பல நாள் அவள் வகுப்பிலும் கேள்வி கேட்கவில்லை.

இத்தகைய குழுக்கள் என்றும் இப்படித்தான் இருந்தனவா? 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இருவர், கணினிகளைத் தொலைபேசி வழியே இணைத்துச் செய்தி பரிமாறத் திட்டமிட்டனர். அடுத்த ஆண்டில் 'யூஸ்நெட்' பிறந்தது. அதிலே பொருளுக்கு ஒரு குழு அமைந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிக்குப் புதியவர்கள் வந்து சேர்ந்ததும் குழுக்களில் குழப்பம் மிகும். பழையவர்கள் முறைகளைச் சொல்லிக்கொடுப்பர். சில வாரங்களில் ஒழுங்கு திரும்பும். சண்டையே இல்லை என்று சொல்ல முடியாது; ஆயினும் சொல்லித்தர ஆள் இருந்தது. 1993, 1994-ஆம் ஆண்டுகளில் வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கும் அந்த வாயிலைத் திறந்தன. வந்தவர் பெருகினர், சொல்லிக்கொடுக்கப் பழையவர் போதவில்லை. அந்த நிலையை 'முடிவில்லாச் செப்டம்பர்' என்று இன்றும் கூறுகின்றனர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? புதியவர் வந்ததால் மட்டும் பண்பு குறையவில்லை; வந்தவரை அணைத்துக் கற்பிப்பார் குறைந்ததாலும் குறைந்தது.

இதனை உணர்ந்தோர் அன்றே இருந்தனர். 1995 அக்டோபரில், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் என்னும் பெண்மணி தொகுத்த இணைய நடத்தை நெறிகள் 'ஆர்.எஃப்.சி. 1855' என வெளிவந்தன. சினம் மூண்டால் ஓர் இரவு பொறுத்துப் பதில் எழுதுக. ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்தாக எழுதுவது கத்துவதைப் போன்றது. படிப்பவர் வேறு மொழியும் பண்பாடும் உடைய மனிதர் என்பதை மறவாதீர் என்பவை அவற்றுட் சில. நம் பாட்டிமார் எழுதாமல் சொல்லித் தந்தவையும் இவையே அன்றோ?

"தொழில்நுட்பத்தில் நயம் எதற்கு? தவறு தவறுதான்" என்று சிலர் வாதிடலாம். தவற்றைத் தவறு என்றே சொல்ல வேண்டும்; அதில் எங்களுக்கும் ஐயமில்லை. ஆனால் "நிரல் தவறு" என்பது வேறு. "நீ மூடம்" என்பது வேறு. லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் மாணவராக இருந்தபொழுது, யூஸ்நெட் குழு ஒன்றில்தான் தம் முயற்சியை அறிவித்துப் பிறர் கருத்தைக் கேட்டார். பிற்காலத்தில் அவரே உடன் உழைப்பவரைக் கடுஞ்சொல்லால் தாக்குபவர் என்று பெயர் பெற்றார். 2018 செப்டம்பரில் தம் நடத்தைக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் பணியிலிருந்து விலகி நின்றார். அத்துணை வல்லவருக்கே அது தேவையாயிற்று.

கேட்பவருக்கும் கடமை உண்டு. விடை சொல்வோரிற் பெரும்பாலோர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தைத் தருகின்றனர். முன்பே விடை உள்ளதா என்று தேடாமலும், என்ன பிழைச் செய்தி வந்தது என்று எழுதாமலும் "அவசரம், உதவுங்கள்" என்று மட்டும் கேட்டால் அவர்கள் சலிப்பதில் வியப்பில்லை. விடை கிடைத்ததும் நன்றி சொல்லி, எதனால் சரியாயிற்று என்று எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கும் அது பயன்படும்.

பிறரைக் குறை சொல்லும் நாங்கள் குற்றமற்றவர்களா? இல்லை. எங்கள் கணினிப் பிரிவின் கைப்பேசிக் குழுவில், பிளஸ் ஒன் தங்கை ஒருத்தி கோப்பைச் சேமிப்பது எப்படி என்று கேட்டாள். நாங்களும் சிரிப்புப் படம் போட்டோம். எவரும் விடை சொல்லவில்லை. அன்றிரவே அவள் குழுவை விட்டு விலகினாள். பிறகு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை அக்கா" என்றாள். ஆனால் குழுவுக்குத் திரும்பவில்லை.

அன்புத் தோழியரே, நம் பள்ளிக்கு ஜூன் மாதமே செப்டம்பர். ஒவ்வொரு ஜூனிலும் புதிய தங்கையர் வருவர். நாம் முன்பு கேட்ட கேள்விகளையே கேட்பர். அப்பொழுது சிரிப்பதற்கு முன் நம் முதல் நிரலை நினைத்துக்கொள்வோம். விடை தெரிந்தால் ஒரு வரியில் சொல்வோம். தெரியாவிட்டால் "சேர்ந்து தேடுவோம், வா" என்போம். பெற்றோரும் ஆசிரியைகளும், எங்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோல் நாங்கள் எழுதும் பதில்களையும் அவ்வப்போது பார்த்துத் திருத்த வேண்டுகிறோம்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்