கரணை வழி வரும் நோய்

ரணகள்ளியின் இலை மண்ணில் வீழ்ந்தால் அதன் விளிம்பிலேயே சிறு செடிகள் முளைக்கின்றன. இஞ்சி கிழங்கினாலும் வாழை பக்கக் கன்றினாலும் விதையின்றியே பெருகுகின்றன. போத்து நடுதல், பதியமிடுதல், ஒட்டுக் கட்டுதல் ஆகியவை இவ்வியல்பை மனிதன் தன் பயனுக்குத் திருப்பிக்கொண்ட முறைகளேயாம். இவற்றைக் கற்பிக்கும் பாடங்கள் பலவும், தாய்ச்செடியின் குணங்கள் மாறாமல் சேய்க்கு வந்து சேரும் என்று கூறி அவ்வளவில் நின்றுவிடுகின்றன. தாயின் நோயும் உடன் வரக்கூடும் என்பதன்றோ உழவன் முதலில் அறியவேண்டுவது!

கரும்பு இதற்குத் தக்க சான்று. ‘வெள்ளை’ என்னும் கரும்பையும் காட்டு நாணலையும் கோயமுத்தூரில் கலந்து பெற்று, 1918-ல் வெளியிடப்பட்ட கோ 205 வகை, ஒரே விதையில் முளைத்த ஒரு செடியைக் கரணையாக வெட்டி நட்டுப் பெருக்கியதே. பின்வந்த வகைகளும் அத்தகையனவே. ஆதலின் வயல் முழுதும் நிற்பது ஒருவகையில் ஒரே செடி. பூஞ்சையோ மாறிக்கொண்டேயிருப்பது. 1930-களின் இறுதியில், இன்றைய உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கோ 213 வகை செவ்வழுகல் நோயால் அழிந்தது. 2009-ல் வெளியிடப்பட்ட கோ 0238, விளைவும் சர்க்கரைச் சத்தும் மிக்கதாய், 2020 அளவில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் முக்கால் பங்கிற்கும் மேல் பரவியிருந்தது. அதனையும் அந்நோயே பற்றியது. இதற்கு வகையின்மீது பழி சுமத்துவது முறையன்று. ஒரே வகையை அத்துணைப் பரப்பில் நட்டதும், கண்ட வயலிலெல்லாம் கரணை வெட்டியதுமே பிழை.

களப்பணியாளர் செய்யக்கூடியது இங்கு மிகுதி. மேலிருந்து மூன்றாம் அல்லது நான்காம் இலை மஞ்சளித்து வாடியிருப்பின், அக்கரும்பை நெடுக்காகப் பிளந்து பார்த்தல் வேண்டும். உள்ளே செந்நிறமும், அதன் குறுக்கே வெண் திட்டுகளும், புளித்த கள்ளின் வாடையும் இருப்பின் செவ்வழுகலே. செழிப்பாய்த் தோன்றும் கரும்பிலும் நோய் ஒளிந்திருக்கும். ஆகவே ஒரு தூரில் நோய் கண்டாலும் அவ்வயலில் கரணை எடுத்தல் ஆகாது. மருந்து நீரில் நனைத்துவிட்டால் போதும் எனப் பலர் நம்புகின்றனர். உட்புகுந்த பூஞ்சையை அம்மருந்து முற்றும் எட்டுவதில்லை.

ஆசிரியர், பருவைக் காட்டக் கொண்டுவரும் கரும்பையே வகுப்பில் பிளந்து காட்டலாம். நோயற்ற கரும்பின் உட்புறம் எத்தகையது என்பதை மாணவர் கண்டுகொள்வர். நோய் கண்ட வயலில் மறுதாம்பு விடுவதும் கூடாது. அடிக்கட்டையிலேயே பூஞ்சை தங்கி, அடுத்த தளிரைப் பற்றுகிறது.