மைக்ரோஸ்கோப் நம்ம டிபார்ட்மெண்ட்தான்!

"பாக்டீரியாவா? அதெல்லாம் மெடிக்கல்காரங்க சமாச்சாரம். நமக்கு லேத்தும் மோட்டாரும் போதும்ப்பா!" என்று ஒதுங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நண்பர்களே, எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

காலராவையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கிருமி ஒரு நச்சைச் சுரந்துதான் குடலிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது என்று 1959ல் கல்கத்தாவில் நிரூபித்தவர் டாக்டர் எஸ்.என்.டே. 1967ல் அதே கல்கத்தாவைச் சேர்ந்த எஸ்.என்.சட்டர்ஜியும் ஜே.தாஸும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களை வெளியிட்டார்கள். கிருமியின் வெளிச்சவ்வு அங்கங்கே புடைத்து, குமிழியாகக் கிள்ளுப்பட்டு வெளியேறுவது அதில் தெரிந்தது. நச்சு, என்சைம், சில சமயம் டி.என்.ஏ. கூட இந்தக் குமிழிக்குள் மூட்டையாகப் போகிறது என்பது பிறகு தெரிய வந்தது. காலரா நச்சும் இந்தப் பார்சலில் போகிறதாம்!

குமிழியின் சைஸ் என்ன தெரியுமா? சுமார் 20 முதல் 250 நானோமீட்டர். நம்மூர் தறியில் ஓடும் பட்டின் ஒற்றை இழை ஏறத்தாழ 10 மைக்ரான் தடிமன். அதன் குறுக்கே 100 நானோமீட்டர் குமிழிகளை வரிசையாக அடுக்கினால் நூறு அடுக்கலாம். நம் லேபில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. ஒளியின் அலைநீளமே அதற்கு இடம் தராது. அதனால்தான் எலக்ட்ரான் கற்றை.

அந்தக் கருவியை நம் நாட்டிலேயே கட்டினார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1940களில் கல்கத்தாவில் என்.என்.தாஸ்குப்தா குழுவினர் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பாருங்கள்: வேக்குவம் பம்ப், பல்லாயிரம் வோல்ட் சப்ளை, காயில் சுற்றிய காந்த லென்ஸ், கூலிங் வாட்டர், அதிர்வு தாங்கும் அடித்தளம். இதில் எது மெடிக்கல்? எல்லாம் நம்ம சிலபஸ் அய்யா!

ஒரு சிக்கலும் உண்டு. வேக்குவத்தில் தண்ணீர் நிற்காது, சாம்பிளைக் காயவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். காய்ந்தால் உருவம் கெடும். "நீங்க பார்த்தது குமிழியா, காயவைத்ததில் வந்த கோளாறா?" என்று யாரும் கேட்கலாம், நியாயமான கேள்விதான். இதற்கு விடையாக வந்ததுதான் கிரையோ முறை: ஐஸ் படிகம் உருவாக நேரமே கொடுக்காமல், குளிர்ந்த திரவ ஈத்தேனில் சட்டென்று முக்கி உறையவைப்பது. இந்த முறையை வளர்த்த மூவருக்கு 2017ல் நோபல் பரிசு. சாம்பிளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பல படம் எடுத்து முப்பரிமாணமாகவும் சேர்க்கிறார்கள். தேரை நாலு ராஜவீதியிலும் நின்று பார்க்கிற மாதிரி! சாய்க்கும்போது ஸ்டேஜ் சில நானோமீட்டர் நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். இது பயாலஜி பிரச்சினையா, மெக்கானிக்கல் பிரச்சினையா?

2016ல் இன்னொரு ஆச்சரியம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவை ஆஸ்திரேலியக் குழு ஒன்று சூப்பர் ரெசல்யூஷன் மைக்ரோஸ்கோப்பில் உயிரோடு கவனித்தது. சில செல்கள் திடீரென வெடிக்கின்றன, சிதறிய சவ்வுத் துண்டுகள் சுருண்டு குமிழியாகின்றன! எல்லாமே பார்த்துப் பார்த்துக் கட்டிய பார்சல் இல்லை. சில சமயம் குடோனே வெடித்துச் சரக்கு தெருவுக்கு வருகிறது. எந்தச் சரக்கு எந்த மூட்டைக்குள் போகிறது என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. மூளைக்காய்ச்சலுக்கான ஒரு வகைத் தடுப்பூசியில் இந்தக் குமிழிகளே சேர்க்கப்படுகின்றன என்பதால் இது வெறும் வேடிக்கையும் அல்ல.

கோடி கோடியாய்க் கொட்டி வாங்கிய கருவி ஒரு பம்ப் கோளாறில் முடங்கினால் ஆராய்ச்சியும் முடங்கும். அதைத் திறந்து பார்க்கிற கை ஏன் ஒரு டிப்ளமோ கையாக இருக்கக் கூடாது? யூனியன் தோழர்களுக்கு ஒரு கோரிக்கை: இண்டஸ்ட்ரியல் விசிட் என்று ஃபேக்டரி, பிறகு மகாபலிபுரம் என்றே போகாமல், ஒரு தடவை ஏனாத்தூரிலிருந்து பஸ்ஸை நேராகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு விடுங்கள். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பைக் காட்டச் சொல்லி முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். பீச் வேண்டுமென்றால் திரும்பும்போது பெசன்ட் நகர் பக்கத்திலேயே இருக்கிறது.