அறுவடைக்கு முன் ஓர் இரவு

பங்குத் திருவிழா முடிந்த மாலையில் கோவில் முற்றத்தில் நடக்கும் ஏலத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு தேங்காய் கடையில் என்ன விலை என்பது அங்கே நிற்கும் அனைவருக்கும் தெரியும். ஆனாலும் அது பல மடங்கு விலைக்குப் போகும். ஏலம் எடுத்தவர் சில வேளைகளில் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதும் இல்லை. 'இன்னொரு தடவை ஏலம் கூறுங்கள்' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அங்கே விலை பேசப்படுவது தேங்காய் அன்று என்பது கூட்டத்தில் நிற்கும் சிறு பிள்ளைக்கும் புரியும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்கு மாநிலக் கிராமங்களிலும் இதே பழக்கம் உண்டு என்று அறியும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது. வீட்டில் சுட்ட ஆப்பிள் பை ஒன்றோ, பண்ணையில் வளர்ந்த கன்று ஒன்றோ ஒரே மாலையில் மூன்று நான்கு முறை விற்கப்படும். சேரும் பணம் புற்றுநோய் ஆய்வுக்குப் போகும். இத்தகைய நிகழ்ச்சிகளை முன்னின்று நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களோ நகரத்துச் செல்வந்தர்களோ அல்லர். மக்காச்சோளமும் சோயாவும் பயிரிட்டு, பன்றியும் மாடும் வளர்க்கும் குடும்பங்களே பல ஊர்களில் தலைமைப் பொறுப்பைத் தாமாக முன்வந்து ஏற்கின்றன. ஏன்? இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

முதலில், இந்த முயற்சிகளில் மிகவும் அறியப்பட்ட ஒன்றின் கதை. 1985ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் கோர்டன் கிளாட் என்ற அறுவை மருத்துவர், ஒரு விளையாட்டு மைதானத்தை 24 மணி நேரம் ஓடியும் நடந்தும் சுற்றினார். புற்றுநோயாளிக்கு ஓய்வு கிடையாது, ஓர் இரவாவது நாமும் ஓய்வின்றி இருப்போம் என்பது அவர் எண்ணம். நண்பர்கள் காசு கொடுத்து அவரோடு சிறிது தூரம் நடந்தார்கள். 27 ஆயிரம் டாலர் சேர்ந்தது. மறு ஆண்டு குழுக்களாகச் சேர்ந்து மாறி மாறி நடந்தார்கள். அதுவே 'ரிலே ஃபார் லைஃப்' என்ற பெயரில் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் மிகப் பெரிய நிதி திரட்டும் முயற்சியாக வளர்ந்தது. டாக்டர் கிளாட் 2014இல் காலமானார். அவர் தொடங்கிய நடை இதுவரை 600 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது.

சிற்றூர்களில் இது பள்ளி மைதானத்திலோ சந்தைத் திடலிலோ நடக்கிறது. நோயிலிருந்து மீண்டவர்கள் முதல் சுற்று நடப்பார்கள். இருட்டியதும் காகிதப் பைகளுக்குள் விளக்கேற்றி, ஒவ்வொரு பையிலும் ஒரு பெயரை எழுதி, பாதையோரம் வரிசையாக வைப்பார்கள். இறந்தவர்களின் பெயரும் இருக்கும், சிகிச்சையில் இருப்பவர்களின் பெயரும் இருக்கும். நகரத்தில் அவை வெறும் பெயர்களாக இருக்கலாம். கிராமத்தில் அப்படியல்ல. ஒவ்வொரு பையைப் பார்க்கும்போதும் அந்த வீடு, அந்த வயல், அந்த டிராக்டர் நினைவுக்கு வரும்.

இப்போது அயோவா மாநிலத்துக்கு வருவோம். மக்காச்சோள விளைச்சலிலும் பன்றி வளர்ப்பிலும் அந்நாட்டில் முதலிடம் வகிக்கும் மாநிலம் இது. 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி அங்கே 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் உள்ளன. அதே மாநிலம், புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படும் விகிதத்தில் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருப்பதாக அயோவா புற்றுநோய்ப் பதிவகத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. ஆக, அங்குள்ள விவசாயிக்குப் புற்றுநோய் என்பது தொலைக்காட்சியில் கேட்கும் செய்தியல்ல. அடுத்த வேலிக்கு அப்பால் நடப்பது.

பண்ணை வீட்டில் நோய் வந்தால் என்ன ஆகும்? மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுக்கலாம். பயிருக்கு விடுப்புச் சொல்ல முடியாது. கதிர் முற்றி நிற்கும் வேளையில் வீட்டுத் தலைவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தால், ஓர் ஆண்டு உழைப்பும் வங்கிக் கடனும் வயலிலேயே நிற்கும். அப்படிப்பட்ட நேரங்களில் அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் அறுவடை இயந்திரங்களோடு வந்து, ஒரே நாளில் அவருடைய வயலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் அந்த ஊர்களில் இன்றும் இருக்கிறது. கூலி இல்லை, கணக்கு இல்லை. பெண்கள் எல்லாருக்கும் சோறு ஆக்குகிறார்கள். நாளை நமக்கும் இது நேரலாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நிதி திரட்டும் குழுவுக்கு விவசாயக் குடும்பங்கள் தலைமை ஏற்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. யாரிடம் டிரக் இருக்கிறது, யார் வீட்டில் இருபது பேருக்குச் சமைக்கும் பாத்திரம் இருக்கிறது, யாரைக் கேட்டால் மறுக்க மாட்டார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். விதைப்பு முடிந்து அறுவடை தொடங்கும் முன் கிடைக்கும் கோடை இடைவெளியில் நாள் குறிக்கிறார்கள். வயலை அறுத்துக் கொடுத்த அதே கைகள்தாம் காகிதப் பைகளில் விளக்கேற்றுகின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அந்நாட்டு அரசு 1971ஆம் ஆண்டிலேயே புற்றுநோய்க்கு எதிராகத் தேசியச் சட்டம் இயற்றிய அரசு. அதன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு 2024இல் ஒதுக்கப்பட்ட தொகை 700 கோடி டாலருக்கும் மேல். அப்படியிருக்க, ஆப்பிள் பை விற்ற காசு எந்த மூலைக்கு?

பதில் உண்டு. அரசு மானியம் பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கும், ஓரளவு நிரூபணமான கருத்துகளுக்குமே எளிதில் கிடைக்கிறது. புதிதாக ஆய்வுக்கூடம் தொடங்கும் இளம் ஆய்வாளரை நம்பி முதல் காசைக் கொடுக்க யாராவது வேண்டும். அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் 1946 முதல் அந்த வேலையைச் செய்துவருகிறது. அதன் உதவி பெற்றவர்களில் ஏறத்தாழ ஐம்பது பேர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். 2025இல் அந்நாட்டு அரசு மருத்துவ ஆய்வு மானியங்கள் பலவற்றை நிறுத்தியபோது, பொதுமக்கள் தரும் காசின் அருமை இன்னும் தெளிவாயிற்று. விதை நெல்லின் மதிப்பு விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணம் ஆய்வுக்கு மட்டும் போகவில்லை. அயோவாவில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சிகிச்சை மையம் ஒன்றே ஒன்றுதான். அது மாநிலத்தின் கிழக்கே, அயோவா சிட்டியில் இருக்கிறது. மேற்கு எல்லையிலிருந்து அங்கே வர ஏறத்தாழ நான்கு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் தினமும் வர வேண்டியிருக்கும். தொலைவிலிருந்து வரும் நோயாளிகள் கட்டணமின்றித் தங்க 2008இல் அந்நகரில் 'ஹோப் லாட்ஜ்' இல்லம் திறக்கப்பட்டது. நோயாளிகளைத் தங்கள் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். தொலைவும் ஆளைக் கொல்லும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2011 முதல் 2015 வரையிலான இறப்புக் கணக்கை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2017இல் வெளியிட்டது. புற்றுநோய் காணும் விகிதம் பெருநகரங்களைவிடக் கிராமப்புறத்தில் சற்றுக் குறைவு. ஆனால் இறப்பு விகிதமோ அதிகம். பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு 158, கிராமப்புறத்தில் 180.

இதுவரை சொன்னது ஈகையின் கதை. இதோடு நிறுத்திக்கொண்டால் மனம் குளிரும். ஆனால் உண்மை பாதியில் நின்றுவிடும்.

அயோவா விவசாயிகள் ஆய்வுக்குக் காசு மட்டும் கொடுக்கவில்லை, தங்களையே கொடுத்திருக்கிறார்கள். 1993இல் தொடங்கிய வேளாண் நல ஆய்வில் அயோவா, வட கரோலினா மாநிலங்களின் விவசாயிகள், அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்கள், பூச்சிமருந்து தெளிப்போர் என ஏறத்தாழ 89 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். எந்த மருந்தை எத்தனை நாள் தெளித்தோம், கையுறை அணிந்தோமா என்றெல்லாம் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறார்கள். புகைப்பழக்கம் குறைவானதால் விவசாயிகளுக்கு மொத்தத்தில் சிலவகைப் புற்றுநோய்கள் குறைவு. ஆனால் புராஸ்டேட் புற்றுநோயும் இரத்தம், நிணநீர் தொடர்பான சில புற்றுநோய்களும் அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

காரணம் எது? ஒற்றை விரலை நீட்டிக் காட்ட முடியாது. நிலத்தடியிலிருந்து வீடுகளுக்குள் கசியும் ரேடான் வாயு, அயோவாவின் 99 கவுண்டிகளிலும் அதிகம். மதுப்பழக்கத்தையும் பதிவகத்தின் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஆற்றுநீரில் உரத்தின் நைட்ரேட் கூடியதால் 2025 ஜூன் மாதம் டிமாய்ன் நகரப் பகுதியில் புல்வெளிக்குத் தண்ணீர் விடுவதே தடை செய்யப்பட்டது. களைக்கொல்லியான கிளைபோசேட், அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. மேலே சொன்ன வேளாண் நல ஆய்வோ 2018இல் அப்படித் தெளிவான தொடர்பு எதுவும் காணவில்லை என்றது. அறிஞர்களிடையே வாதம் தொடர்கிறது.

வாதம் சட்டமன்றத்துக்கும் வந்தது. மருந்துக் குப்பியில் நடுவண் அரசு ஏற்ற எச்சரிக்கை வாசகம் இருந்தால், போதிய எச்சரிக்கை தரவில்லை என்று உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடர முடியாதபடி செய்யும் மசோதாவை அயோவா மேலவை 2024இலும் 2025இலும் நிறைவேற்றியது. கீழவை இரு முறையும் அதை நிறைவேற்றவில்லை. விவசாயிகளே இரு பக்கமும் நின்றார்கள். மருந்து இல்லாமல் விளைச்சல் இல்லை என்றார்கள் சிலர். நோயுற்றவரின் கடைசிக் கதவையும் அடைக்காதீர்கள் என்றார்கள் வேறு சிலர். ஒரே ஏலத்தில் ஒரே பைக்குக் காசு கொடுத்தவர்கள் இவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இங்கே ஒரு பழைய நிகழ்வு நினைவுக்கு வருகிறது. 1979 அக்டோபர் 4ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அயோவாவுக்கு வந்தார். அவரை அழைத்தது ஓர் எளிய விவசாயி எழுதிய கடிதம். டிமாய்ன் அருகே திறந்தவெளிப் பண்ணையில் திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களிடம் அவர் மூன்று மனநிலைகளைக் குறித்துப் பேசினார். நன்றியுணர்வு, நிலத்தைப் பேணிக் காத்தல், தாராள மனம் என்பனவே அவை.

தாராள மனத்துக்கு அந்த மக்களிடம் குறைவில்லை. நமக்குக் கடினமாகத் தோன்றுவது நடுவில் உள்ளது. நிலத்தையும் நீரையும் எப்படி நடத்துகிறோம் என்ற கேள்வி, உண்டியல் நிறைந்துவிட்டால் தீர்ந்துவிடுவதில்லை. கொடுப்பது எளிது, கைதட்டல் கிடைக்கும். 'நம் ஊரில் ஏன் இத்தனை பேருக்கு?' என்று கேட்பது கடினம். அதற்கான பதில் நம்முடைய பழக்கத்தையும் பிழைப்பையும் தொடக்கூடும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க விவசாயக் குடும்பங்களைவிட உரிமை உள்ளவர் யார்? நோயைச் சுமக்கிறவர்கள் அவர்கள். ஆய்வுக்குக் காசு தருகிறவர்கள் அவர்கள். தங்கள் வாழ்வையே தரவாகத் தந்தவர்களும் அவர்கள். கொடையாளியாக மட்டுமன்றிக் கேட்பவராகவும் அவர்கள் மேடையேற வேண்டும். ஆய்வின் பயனும் சிகிச்சையும் அவர்கள் வாசலுக்கு வர வேண்டும். தலைமை ஏற்பது என்பதன் முழுப் பொருள் அதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

அயோவாவின் பல கவுண்டிகளில் மக்கள்தொகை குறைந்துவருகிறது. 2010க்கும் 2020க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்குக் கவுண்டிகள் மக்களை இழந்தன. பெயர் எழுத வேண்டிய பைகள் குறையாமல், விளக்கேற்றும் கைகள் மட்டும் குறைந்தால் என்னாவது? அதனால்தான் இன்று முன்வரும் ஒவ்வொரு குடும்பமும் முக்கியம்.

நம் பங்கிலும் நோயுற்றோருக்காக உண்டியல் குலுக்குகிறோம். நல்லது, தொடர்ந்து செய்வோம். அடுத்த முறை காசு போடும்போது, நம் தெருவில் நோயுற்ற வீடுகளையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் எவ்வளவு தூரம் சிகிச்சைக்குப் போகிறார்கள், யார் துணைக்குப் போகிறார்கள், இத்தனை நாள் அவர்கள் வேலையை யார் பார்த்தார்கள் என்று கேட்போம். விடியும்போது காகிதப் பைகளின் விளக்குகள் அணைந்துவிடும். இரவெல்லாம் நடந்தவர்கள் வீட்டுக்குப் போய், மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, அடுத்த வீட்டு வயலையும் ஒரு முறை பார்த்துவிட்டு வருவார்கள்.