அநாதைகளை ஆக்கும் தருமம்

ஆதரவற்ற பிள்ளைகளுக்கென மதத்தின் பேரால் சுவீகார நிலையம் ஒன்று தொடங்கப்படும்போது, அதனை எதிர்த்து எவரும் வாய் திறப்பதில்லை. பத்திரிகைகள் பாராட்டுரை எழுதுகின்றன; கனவான்கள் நன்கொடை வழங்குகின்றனர்; முற்போக்காளருங்கூட, "நல்ல காரியந்தானே" என்று ஒதுங்கிவிடுகின்றனர். நாம் ஒதுங்க விரும்பவில்லை. இத்தகைய நிலையங்களுள் உலகப் புகழ் பெற்ற ஒன்றின் தோற்றத்தையும், அது திறந்துவிட்ட பாதையையும் ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்காவின் ஒறெகன் மாநிலத்தில் வாழ்ந்த ஹரி ஹோல்ட், பேர்த்தா ஹோல்ட் என்னும் தம்பதியர், 1954இல் கொரியப் போரில் ஆதரவிழந்த குழந்தைகள் பற்றிய படமொன்றைப் பார்த்தனர். தமக்கு ஆறு பிள்ளைகள் இருந்தும், அந்நியப் படைவீரருக்குப் பிறந்து சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எட்டுக் கொரியக் குழந்தைகளை வளர்க்கத் துணிந்தனர். சட்டம் இருவருக்கு மேல் இடந்தராமையால், 1955இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவர்களுக்கெனத் தனிச்சட்டமே இயற்றிற்று. 1956இல் சுவீகார நிலையம் உருவாயிற்று. 1964இல் ஹரி ஹோல்ட் கொரிய மண்ணிலேயே உயிர் நீத்தார். அவர் இரக்கம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அவ்விரக்கம் என்ன செய்தது என்பதே நம் வினா.

வளர்க்கப்போகும் குடும்பத்தின் தகுதியை நன்கு ஆராய்தல் வேண்டும் என்றனர் சமூகசேவைத் துறையினர். ஹோல்ட் நிலையமோ அக்குடும்பத்தின் கிறிஸ்தவ விசுவாசத்தையே முதன்மையாக நோக்கிற்று. பிள்ளையை ஒருமுறையேனும் பாராத பெற்றோருக்காகப் பதிலாள் ஒருவர் கொரியாவிலேயே சுவீகாரத்தை முடித்துவைத்தார். குழந்தைகள் வாடகை விமானங்களில் ஏற்றப்பட்டனர். இப்பதிலாள் முறைக்கு அமெரிக்கச் சட்டம் 1961இல் முற்றுப்புள்ளி வைத்தது.

போர் 1953இல் ஓய்ந்தது. குழந்தைகளை ஏற்றிய விமானங்கள் ஓயவில்லை. வேறு நிலையங்களும் இப்பணியில் இறங்கின. 1985ஆம் ஆண்டில் மாத்திரம் 8,800க்கு மேற்பட்ட கொரியக் குழந்தைகள் கடல் கடந்தனர். அவ்வேளை கொரியா உருக்கும் கப்பலும் உலகுக்கு விற்கும் நாடாக உயர்ந்திருந்தது. அங்ஙனமாயின் அக்குழந்தைகள் யார்? மிகப் பெரும்பாலோர் மணமாகாத் தாய்மார் பெற்ற பிள்ளைகள். அத்தாய்மாருக்கு உதவிப்பணமும் உறைவிடமும் கொடுப்பதிலும் பிள்ளையை ஏற்றுமதி செய்வது அரசுக்கு மலிவாயிற்று. பெற்றோர் உயிரோடிருக்கவே பிள்ளையை அநாதையென எழுதும் பதிவேடு அதற்குத் துணைநின்றது. பொய்ப் பதிவுகளும் முறையற்ற சம்மதங்களும் நிகழ்ந்தமையைக் கொரியாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2025 மார்ச்சில் உறுதிசெய்து, அரசையே பொறுப்பாளியாக்கிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் ஜனாதிபதி மன்னிப்புக் கோரினார். அதற்குள் 140,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் அனுப்பப்பட்டுவிட்டனர்.

இதனைச் சில தீயோரின் செயலென்று தள்ளிவிடுதல் தவறு. பிள்ளைக்கு வீடு தேடவெனத் தொடங்கிய நிலையம், நன்கொடையும் கட்டணமும் காத்திருக்கும் பெற்றோரின் வரிசையும் பெருகவே, வீட்டுக்குப் பிள்ளை தேடும் நிலையமாக மாறுகிறது. ஆலைக்குப் பஞ்சுபோல அதற்கு அநாதைகள் வேண்டும். அநாதைகள் போதாவிடின், ஏழைத் தாயின் பிள்ளை அநாதையாக்கப்படும்.

நம் நாட்டின் கதையும் இதுவே. 1970களிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெற்ற தாயின் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திக் கையளித்த செய்திகள் பின்னர் வெளிவந்தன. இலங்கையையும் உள்ளடக்கிய ஐந்து நாடுகளில் நிகழ்ந்த முறைகேடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 2021 பெப்ரவரியில் வெளியானதும், நெதர்லாந்து அரசு வெளிநாட்டுச் சுவீகாரத்தை இடைநிறுத்திற்று. இன்று வளர்ந்துவிட்ட அப்பிள்ளைகள் தாயைத் தேடி இங்கு வருகின்றனர். கையிலுள்ள பத்திரத்தில் பெயரே பொய்யாயிருப்பதைக் கண்டு திரும்பியோர் பலர்.

"அப்படியானால் தெருவில் கிடக்கும் பிள்ளையை அங்கேயே விடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பர். இல்லை. எவருமற்ற பிள்ளைகள் உளர். அவர்களுக்குக் குடும்பம் வேண்டும். ஆனால் அதனைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றமும் பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் அரசும் ஆகும். நன்கொடையில் வாழும் நிலையமன்று. பிறப்புப் பதிவு அழிக்கப்படாமலும், வளர்ந்தபின் அப்பிள்ளை காணக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, வறுமை ஒன்றே காரணமாகத் தாயும் பிள்ளையும் பிரிக்கப்படலாகாது. நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

நாம் மதத்தைப் பழிக்கவில்லை. கோயிலோ, விகாரையோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, எதன் பேரால் தொடங்கினும் எமது அளவுகோல் ஒன்றே. தோட்டத்து லயத்திலும் போரில் கணவனை இழந்தவளின் குடிசையிலும் பிள்ளையை வைத்துக் காக்க முடியாது தவிக்கும் தாய்க்கு அந்நிலையம் என்ன கொடுக்கிறது?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நன்கொடை உண்டியல் நம் பாடசாலை வாயிலுக்கு வரும்போது அதை ஏந்தி வருவோரிடம் கணக்குக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளை எடுத்தீர்கள் என்று கேட்பது போதாது. எத்தனை பிள்ளைகளைத் தாயிடமே இருக்கச் செய்தீர்கள் என்று கேளுங்கள். அதற்கு விடை இல்லாத நிலையத்துக்கு நம் சதமும் வேண்டாம், நம் பாராட்டும் வேண்டாம்.