கடல் கடந்த குழம்பு

செஞ்சிக் கோட்டையில் 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக் கொடி பறந்ததை இவ்வூரார் மறப்பதில்லை. அதே பிரெஞ்சுக்காரர் 1853 முதல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றி, கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்பு வெட்ட அனுப்பிய தமிழ்க் கூலிகளைத்தான் மறந்துவிட்டோம்.

மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சளோடு வறுத்த அரிசியும் சேர்த்துப் பொடித்து அங்கே இன்றும் ஆட்டுக்கறி சமைக்கிறார்கள். பெயர் ‘கொலோம்போ’. கொழும்பு நகரின் பெயர் என்பர் சிலர். என் காதில் ‘குழம்பு’ என்றே விழுகிறது. மாரியம்மனுக்கும் அங்கே கிடா வெட்டு உண்டு.

நம்மவர் ‘கரீபிய உணவகம்’ என்றாலோ ரம், தென்னைமரப் படம், பாப் மார்லி பாட்டு, அவ்வளவுதான். புதுச்சேரியில் நான் புரட்டிய பிரெஞ்சு உணவுப் பட்டியல்களிலும் ஒயின் இருந்தது, கொலோம்போ இல்லை. செஞ்சியில் யாரேனும் அப்படியொரு கடை திறந்தால், பட்டியலின் முதல் வரியில் அந்தக் கூலிகளின் குழம்பை எழுதட்டும்.